கூட்டுப் படைக்கு யார் காசு? வாசகர் கேள்வி – பதில்

2025 ஜூன் மாதம் ஹேக் நகரில் கூடிய நேட்டோ (வட அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளின் இராணுவக் கூட்டணி) நாடுகள், பாதுகாப்புச் செலவை 2035ஆம் ஆண்டுக்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 வீதமாக உயர்த்த ஒப்புக்கொண்டன. அதன் பிறகு இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகள் பல ஒரே இடத்தைச் சுற்றி நிற்கின்றன: இந்தக் காசு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஐரோப்பிய நாடுகள் நேட்டோவுக்குக் கட்ட வேண்டிய காசைக் கட்டாமல் கடன் வைத்திருக்கின்றன, அதைத்தான் அமெரிக்கா கேட்கிறது என்று வட்ஸ்அப்பில் வந்தது. என்ரை மகன் ஒஸ்லோவில் வரி கட்டுறான். அவன்ரை காசும் அமெரிக்காவுக்குப் போகுதா?
– வாசகி, கோண்டாவில்

இல்லை, அம்மா. இந்த 5 வீதத்துக்கு முன் இருந்த இலக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 வீதம். அதை நேட்டோவுக்குக் ‘கட்டுவது’ என்று ஒரு கணக்கே கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் படைக்கு, தன் சொந்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்க வேண்டிய அளவுதான் அந்த 2 வீதம். நோர்வேயின் வரிப்பணம் நோர்வேச் சிப்பாயின் சம்பளத்துக்கும் நோர்வேக் கப்பலின் எரிபொருளுக்கும் போகிறது. பிரசல்ஸில் உள்ள நேட்டோ தலைமையகத்துக்கோ வாஷிங்டனுக்கோ அதை யாரும் அனுப்புவதில்லை. ஆகவே குறைவாகச் செலவழித்த நாட்டின் பெயரில் கடன் ஏறுவதும் இல்லை. போன வருடம் குறைந்ததை இந்த வருடம் சேர்த்துக் கட்டு என்று சொல்லும் விதியும் ஒப்பந்தத்தில் இல்லை.

எங்கள் கோயில் மகோற்சவத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். மேளம், பூ, சாத்துப்படி, அன்னதானம் எல்லாவற்றையும் அவரே நேரே செலவழித்துச் செய்வார். மின்கட்டணம், குருக்கள் சம்பளம், கட்டடத் திருத்தம் போன்றவைதான் பொதுநிதியில் போகும். நேட்டோவில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பங்கு உபயம். பொதுநிதி மிகச் சிறியது. ஒருவர் தன் திருவிழாவைச் சுருக்கிச் செய்தால் மற்ற உபயகாரர்கள் முணுமுணுப்பார்கள். அதற்காக அவர் அவர்களுக்குக் கடன்காரர் ஆகிவிட மாட்டார். 2 வீதத்தைப் பற்றிப் பல வருடமாக நடந்த வாக்குவாதம் இந்த முணுமுணுப்புத்தான்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோர்வே அமெரிக்காவில் செய்யப்பட்ட எஃப்-35 போர் விமானங்கள் 52 வாங்கியிருக்கிறது. அந்தக் காசு அமெரிக்க நிறுவனத்துக்குப் போகத்தான் செய்தது. ஆனால் அது பொருளுக்குக் கொடுத்த விலை. சந்தாவும் இல்லை, கடனும் இல்லை.

நீங்கள் சொல்லும் அந்தப் பொதுநிதி எவ்வளவு? அதற்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள்? அமெரிக்காதான் மூன்றில் இரண்டு பங்கு கொடுக்கிறது என்கிறார்களே?
– வாசகர், சாவகச்சேரி

2025ஆம் ஆண்டுக்கான நேட்டோ பொதுநிதி ஏறத்தாழ 4.6 பில்லியன் யூரோ. எல்லா உறுப்பு நாடுகளின் பாதுகாப்புச் செலவையும் கூட்டினால் வரும் தொகையில் இது 0.3 வீதம் அளவுதான். இந்த நிதி மூன்று பைகளில் இருக்கிறது. முதலாவது சிவில் பை, சுமார் 483 மில்லியன் யூரோ. தலைமையக ஊழியர் சம்பளமும் கட்டடப் பராமரிப்பும் அதில் போகும். இரண்டாவது இராணுவப் பை, சுமார் 2.37 பில்லியன். கூட்டுக் கட்டளையகங்கள், ரேடார் விமானப் படை, பொது நடவடிக்கைகளின் நிர்வாகம் என்பன அதில் வரும். மூன்றாவது முதலீட்டுப் பை, சுமார் 1.7 பில்லியன். ஓடுபாதை, எரிபொருள் தாங்கி, தொடர்பாடல் வலையமைப்பு, ரேடார் நிலையம் எல்லாம் அதிலிருந்து கட்டப்படுகின்றன.

யார் எவ்வளவு என்பதை மொத்தத் தேசிய வருமானத்தை வைத்த ஒரு சூத்திரம் தீர்மானிக்கிறது. முன்பு அமெரிக்காவின் பங்கு 22 வீதமளவில் இருந்தது. 2019 இறுதியில் செய்த உடன்பாட்டின்படி 2021 முதல் அமெரிக்காவும் ஜேர்மனியும் ஒரே அளவு கொடுக்கின்றன. தொடக்கத்தில் அது 16.35 வீதம். பின்லாந்தும் சுவீடனும் சேர்ந்தபின் 2024இல் இருவருக்கும் 15.9 வீதமளவு ஆனது. பிரித்தானியா சுமார் 11 வீதம், பிரான்ஸ் சுமார் 10 வீதம். ஐஸ்லாந்தின் பங்கு 0.1 வீதத்தை எட்டுவதில்லை.

நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டு பங்கு வேறு கணக்கு. 32 நாடுகளும் தங்கள் தங்கள் படைகளுக்குச் செலவழிப்பதை ஒன்றாகக் கூட்டினால் 2024இல் சுமார் 1.5 ட்ரில்லியன் டொலர் வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு அமெரிக்காவினுடையது. ஆனால் அமெரிக்காவின் அந்தச் செலவில் பசிபிக் கடலில் நிற்கும் கப்பலும் மத்திய கிழக்கில் இருக்கும் தளமும் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் ஐரோப்பாவைக் காக்கப் போன காசு என்று எடுத்துக்கொள்ள முடியாது. 16 வீதமும் சரி, மூன்றில் இரண்டும் சரி. ஒன்று பொதுநிதியின் பங்கு, மற்றது மொத்தச் செலவின் பங்கு. பேசுபவர் எந்தப் பையைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் கேளுங்கள். இந்த விடயத்தில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசியும் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலீட்டுப் பையிலிருந்து காசு எடுப்பது இலகுவான வேலை அல்ல. ஓர் ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது கூட்டுப்படைத் திட்டத்துக்குத் தேவை என்று இராணுவத் தளபதிகள் உறுதிசெய்ய வேண்டும். அடுத்தது, அந்த நாடு தன் சொந்தத் தேவைக்குச் செய்திருக்க வேண்டிய அளவுக்கு மேலே எவ்வளவு என்று பிரிப்பார்கள். அந்த ‘மேலே’ உள்ள பகுதிக்கு மட்டும்தான் பொதுநிதி. நாட்டின் சொந்த விமானங்களுக்கு 2,000 மீற்றர் போதும், கூட்டுப்படையின் பெரிய விமானத்துக்கு 2,800 மீற்றர் வேண்டும் என்றால், பொதுநிதிக்குத் தகுதி பெறுவது மிகுதி 800 மீற்றர். பிறகு ஓடுபாதை இருக்கும் நாடு செலவு மதிப்பீடு கொடுக்கும். எல்லா நாடுகளின் பிரதிநிதிகளும் இருக்கும் முதலீட்டுக் குழு அதை அனுமதிக்கும். உறுப்பு நாடுகளின் நிறுவனங்கள் போட்டியிட விலைமனு கோரப்படும். வேலை முடிந்ததும் கூட்டுப் பரிசோதனை நடக்கும், கடைசியில் கணக்காய்வு.

பிழைப்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, அந்தப் பிரிக்கும் கட்டம். எது சொந்தத் தேவை, எது கூட்டுத் தேவை என்ற வாதம் இழுபட, அதற்குள் சீமெந்தும் கூலியும் விலையேறி மதிப்பீடு பழசாகிவிடும். மற்றது கடைசிக் கட்டம். ஓடுபாதையில் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும், ஆனால் பரிசோதனையும் கணக்காய்வும் முடியாமல் கோப்பு வருடக்கணக்கில் திறந்தபடி கிடக்கும்.

படை நடவடிக்கைக்கு விதி இன்னும் கடுமையானது. செலவு எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கும். ஒரு நாடு நூறு சிப்பாய்களை அனுப்பினால் அவர்களின் சம்பளம், சாப்பாடு, தோட்டா, போக்குவரத்து எல்லாம் அந்த நாட்டின் தலையில். பொது கட்டளையகம் போன்ற சிலவற்றுக்குத்தான் பொதுநிதி உதவும். இந்த விதியின் பலன் வருத்தத்துக்குரியது: முன்வந்து ஆள் அனுப்பும் நாட்டுக்குச் செலவு கூடுகிறது, வீட்டில் இருக்கும் நாட்டுக்கு ஒன்றும் இல்லை. பெரிய பணக்கார நாடுகளால் இதைத் தாங்க முடியும். மனமிருந்தும் பணமில்லாத சிறிய நாடு பின்வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயர்தரப் பொருளியல் படிக்கிறேன். இந்த 2 வீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பாதுகாப்புச் செலவுக்குள் எதையெல்லாம் சேர்க்கலாம்?
– மாணவி, சுன்னாகம்

மேலே பாதுகாப்புச் செலவு, கீழே மொத்த உள்நாட்டு உற்பத்தி, நூற்றால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். சிக்கல் முழுவதும் மேலேயும் கீழேயும் எதைப் போடுவது என்பதில் இருக்கிறது.

மேலே: நேட்டோவுக்கென்று ஒரு பொது வரைவிலக்கணம் 1950களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. சிப்பாய்களின் சம்பளம், ஆயுதம், பயிற்சி, ஆராய்ச்சி, தளங்கள் எல்லாம் சேரும். ஓய்வுபெற்ற படையினரின் ஓய்வூதியமும் சேரும். இது பலருக்குத் தெரியாது. பழைய போரில் ஏற்பட்ட சேதத்துக்குக் கொடுக்கும் இழப்பீடு சேராது. பொலிஸ் போன்ற ஆயுதப் பிரிவுகளைச் சேர்க்க வேண்டுமானால், அவர்கள் இராணுவப் பயிற்சி பெற்றவர்களாகவும் இராணுவக் கட்டளையின் கீழ் நேரடியாக அனுப்பக்கூடியவர்களாகவும் இருக்க வேண்டும். ஒரு நாட்டின் சொந்த வரவுசெலவுப் புத்தகத்தில் ‘பாதுகாப்பு அமைச்சு’ என்று இருக்கும் தொகையும் நேட்டோ அட்டவணையில் அதே நாட்டுக்கு இருக்கும் தொகையும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். பரீட்சைக்குத் தரவு எடுக்கும்போது இரண்டையும் கலக்காதீர்கள்.

கீழே: ஒரு கற்பனை நாட்டின் உற்பத்தி 500 பில்லியன், பாதுகாப்புச் செலவு 9 பில்லியன் என்று எடுங்கள். வீதம் 1.8. அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடி வந்து உற்பத்தி 450 பில்லியனாக விழுகிறது, செலவு அதே 9 பில்லியன். வீதம் 2. ஒரு தோட்டாகூட மேலதிகமாக வாங்காமல் அந்த நாடு இலக்கை அடைந்துவிட்டது! எதிர்ப்பக்கமும் உண்டு. உற்பத்தி வேகமாக வளரும் நாடு செலவைக் கூட்டிக்கொண்டே போனாலும் வீதம் அசையாமல் நிற்கும்.

லக்சம்பேர்க் இன்னொரு விதமான சிக்கல். அங்கே வேலைசெய்பவர்களில் பெரும் பகுதியினர் தினமும் பிரான்ஸ், பெல்ஜியம், ஜேர்மனியிலிருந்து எல்லை தாண்டி வந்து போகிறவர்கள். அவர்கள் உழைப்பதும் லக்சம்பேர்க்கின் உள்நாட்டு உற்பத்தியில் சேர்கிறது, சம்பளம் வெளியே போய்விடுகிறது. அதனால் அந்த நாட்டுக்கு மட்டும் உள்நாட்டு உற்பத்திக்குப் பதிலாகத் தேசிய வருமானத்தை வைத்து அளக்க உடன்பட்டார்கள். இந்த இரண்டு அளவீடுகளுக்கும் வித்தியாசம் என்ன என்று பாடத்தில் படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வீதக் கணக்கின் இந்தக் குறைபாடு நேட்டோ நாடுகளுக்கும் தெரியும். அதனால்தான் 2014 செப்டெம்பரில் வேல்ஸில் கூடியபோது இரண்டாவது இலக்கு ஒன்றையும் வைத்தார்கள்: பாதுகாப்புச் செலவில் 20 வீதமாவது பெரிய தளபாடங்களுக்கும் அவற்றின் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும். சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மட்டும் காசைக் கொட்டி 2 வீதத்தைக் காட்டும் நாட்டை இது பிடித்துவிடும். 2014இல் 2 வீதத்தைத் தொட்டவை மூன்று நாடுகள்தான்: அமெரிக்கா, பிரித்தானியா, கிரேக்கம். 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபின் நிலைமை தலைகீழானது. போலந்து 4 வீதத்தைத் தாண்டியது.

5 வீதம் என்பது 2 வீதத்தைப் போல இரண்டரை மடங்கா?
– வாசகர், திருநெல்வேலி

இல்லை. அதில் 3.5 வீதம் மட்டும்தான் பழைய வரைவிலக்கணப்படி படைச் செலவு. மிகுதி 1.5 வீதம் பாதுகாப்போடு தொடர்புடைய மற்றச் செலவுகள்: யுத்தத் தாங்கி போகக்கூடிய பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு, ஆயுத உற்பத்தித் தொழில். உக்ரைனுக்குக் கொடுக்கும் உதவியையும் கணக்கில் சேர்க்கலாம். 2029இல் மீளாய்வு. அந்த 1.5 வீதத்தில் எதைச் சேர்க்கலாம் என்ற எல்லை நெகிழ்வானது. ஏற்கெனவே போடத் தீர்மானித்திருந்த வீதியையும் பாலத்தையும் ஒரு நாடு இதற்குள் கொண்டுவர இடமிருக்கிறது. எங்கள் கருத்தில், வரும் வருடங்களில் ஒப்பிட வேண்டியது 3.5ஐத்தான்.

ஒரு பெரிய விமானம்கூட வாங்க முடியாத சிறிய நாடுகள் எப்படிப் பங்கு போடுகின்றன?
– வாசகர், காரைநகர்

பங்குக் கிணறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கிணறு வெட்டிய செலவில் யாருக்கு எவ்வளவு பங்கோ, இறைக்கும் முறையும் அவ்வளவு. ஹங்கேரியில் பாப்பா என்ற ஊரில் மூன்று பெரிய சி-17 சரக்கு விமானங்கள் நிற்கின்றன. 2008இல் 12 நாடுகள் சேர்ந்து இவற்றுக்கு ஒப்பந்தம் செய்தன. பங்கு பறப்பு மணித்தியாலத்தில் அளக்கப்பட்டது. வருடத்துக்கு மொத்தம் 3,165 மணித்தியாலம். அமெரிக்கா 1,000, சுவீடன் 550, நெதர்லாந்து 500, நோர்வே 400 என்று போய், ஹங்கேரி 50, எஸ்தோனியாவும் லித்துவேனியாவும் தலா 45 மணித்தியாலம் எடுத்தன. வாங்கும் விலையும் பராமரிப்பும் இந்த விகிதப்படிதான். எஸ்தோனியா தனியாக ஒரு சி-17 வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் 45 மணித்தியாலம் அதற்குப் போதும். சுவீடனும் பின்லாந்தும் அப்போது நேட்டோவில் இல்லாமலே இதில் சேர்ந்தன என்பதையும் கவனியுங்கள். கூட்டணிக்குள் இருப்பதும் கூட்டாக ஒரு பொருளை வைத்திருப்பதும் வேறு வேறு.

இந்த ஏற்பாட்டின் பலம், தன் மணித்தியாலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிப்பது. பலவீனம், முறைக் கிணற்றில் கோடை காலத்தில் வரும் அதே பிரச்சினை: அவசரம் வரும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டும். விமானம் மூன்றுதான்.

ரேடார் விமானங்களின் கதை இன்னொரு விதம். ஜேர்மனியின் கைலன்கிர்ஷனில் நிற்கும் அந்த ஈ-3ஏ விமானங்கள் நேட்டோவின் சொத்து. நேட்டோ ஒரு நாடு அல்லாததால் விமானத்தைத் தன் பெயரில் பதிய முடியாது. ஆகவே அவை லக்சம்பேர்க்கில் பதியப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது வழி, காசே கைமாறாமல் முறை வைத்துச் செய்வது. எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா மூன்றிடமும் போர் விமானங்கள் இல்லை. 2004இல் அவை சேர்ந்த நாளிலிருந்து மற்ற நாடுகள் மாதக் கணக்கில் முறை வைத்து லித்துவேனியாவின் ஷௌலியை தளத்துக்குத் தங்கள் விமானங்களைக் கொண்டுவந்து வான்காவல் செய்கின்றன. 2014 முதல் எஸ்தோனியாவின் ஆமரியிலும் இது நடக்கிறது. வரும் நாடு தன் விமானச் செலவைத் தானே பார்க்கும். இருக்கும் நாடு தளம், தங்குமிடம், பாதுகாப்பு என்பவற்றைப் பார்க்கும்.

பெரியவர் எப்படியும் காப்பாற்றுவார் என்று சிறியவர்கள் செலவைக் குறைப்பது நியாயமா? இதைத் தடுக்க வழியில்லையா?
– வாசகர், மானிப்பாய்

நியாயமில்லை, ஆனால் இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. 1966இலேயே இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் இதைக் கணித முறையில் காட்டினார்கள். எதிரியைத் தடுக்கும் பலம் ஒரு பொதுப்பொருள். ஒருவர் அனுபவிப்பதால் மற்றவருக்குக் குறைவதில்லை. காசு கொடுக்காதவரை விலக்கவும் முடியாது. அப்படிப்பட்ட பொருளில், அதிகம் தேவைப்படும் பெரியவர் தனக்காகவே நிறையச் செலவழிப்பார். சிறியவர் எவ்வளவு சேர்த்தாலும் மொத்தம் பெரிதாக மாறாது. ஆகவே அவர் கை இறுகும்.

தடுக்க நேட்டோ வைத்திருக்கும் மிகக் கூரிய கருவி 2 வீதம் அல்ல என்பது எங்கள் எண்ணம். ஒவ்வொரு நாடும் என்னென்ன படைப்பிரிவு, என்னென்ன தளபாடம் வைத்திருக்க வேண்டும் என்று நான்கு வருடச் சுற்றில் திட்டமிடுகிறார்கள். ஐந்து படிகள்: அரசியல் வழிகாட்டல், மொத்தத் தேவையைக் கணக்கிடல், நாடுகளுக்குப் பங்கிடல், நிறைவேற்ற உதவல், மீளாய்வு. நேட்டோவில் எந்த முடிவுக்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஆனால் இந்தப் பங்கிடலில் மட்டும் ஒரு விலக்கு: உங்களுக்கு ஒதுக்கிய பங்கை மற்ற எல்லோரும் ஏற்றால், நீங்கள் ஒருவர் மறுத்து அதைத் தடுக்க முடியாது. ‘எவ்வளவு செலவழித்தாய்’ என்ற கேள்வியைவிட ‘சொன்ன பிரிவு தயாராக இருக்கிறதா’ என்ற கேள்வி நேர்மையானது. ஐஸ்லாந்துக்கு நிலையான இராணுவமே இல்லை. ஆனால் வட அத்திலாந்திக்கின் நடுவில் கெப்லாவிக் தளத்தைத் தருகிறது. வீதக் கணக்கில் அது எங்கேயும் தெரியாது.

காசு குறைத்த நாட்டை வெளியேற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நேட்டோவை உருவாக்கிய 1949 ஒப்பந்தத்தில் வெளியேற்றும் உறுப்புரை இல்லை. ஒரு நாடு தானாக விலக விரும்பினால் 13ஆம் உறுப்புரைப்படி ஒரு வருட முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்.

யப்பானும் தென்கொரியாவும் அமெரிக்கப் படைக்கு வாடகை கொடுக்கின்றனவாமே?
– வாசகர், கொக்குவில்

வாடகை என்ற சொல் பொருந்தாது. அந்த நாடுகளில் நிற்கும் அமெரிக்கச் சிப்பாயின் சம்பளத்தை அமெரிக்காதான் கொடுக்கிறது. இடம்கொடுக்கும் நாடு கொடுப்பது வேறு செலவுகளை. தென்கொரியா 1991 முதல் விசேட உடன்படிக்கைகள் மூலம் மூன்று தலைப்பில் கொடுக்கிறது: தளங்களில் வேலைசெய்யும் கொரிய ஊழியர்களின் சம்பளம், கட்டட வேலை, பராமரிப்பும் போக்குவரத்தும் உட்பட்ட வழங்கல் சேவை. 2026இல் தொகை 1.52 ட்ரில்லியன் வொன் அளவு. 2030 வரை விலைவாசி உயர்வுக்கு ஏற்பக் கூடும், ஆனால் வருடத்துக்கு 5 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. கொடுத்த காசில் கணிசமான பங்கு கொரியத் தொழிலாளர் கையிலும் கொரியக் கட்டட நிறுவனங்களின் கையிலும் திரும்பச் சேர்கிறது.

உடன்படிக்கை காலாவதியானால் என்ன நடக்கும் என்பது 2020இல் தெரிந்தது. பழையது 2019 இறுதியோடு முடிந்துவிட்டது. அமெரிக்கா பல மடங்கு கூட்டிக் கேட்டதால் புதியது கைகூடவில்லை. ஏப்ரல் 1ஆம் திகதி சுமார் 4,000 கொரிய ஊழியர்கள் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். இரண்டு அரசுகளின் பேரத்தில் முதலில் அடி வாங்கியது தளத்தின் சமையற்காரரும் எழுதுவினைஞரும்தான். 2021இல்தான் புதிய உடன்படிக்கை வந்தது. இன்றைய உடன்படிக்கை ஐந்து வருடத்துக்கு, விலைவாசியோடு இணைத்து எழுதப்பட்டிருப்பதில் அந்த அனுபவத்தின் தடம் இருக்கிறது.

யப்பானில் 1978இல் இது தொடங்கியது. ஊழியர் சம்பளம், மின்சாரம், தண்ணீர், எரிவாயு, பயிற்சியை வேறிடத்துக்கு மாற்றும் செலவு என்பன இன்று அதில் உண்டு. 2022 முதல் ஐந்து வருடத்துக்குச் சராசரியாக வருடம் 211 பில்லியன் யென் அளவு.

வரலாற்றில் முதன்முதலாக இப்படிப் பங்கு போட்ட கூட்டணி எது?
– மாணவன், பருத்தித்துறை

முதலாவது எது என்று அடித்துச் சொல்வதைவிட, கணக்கு விபரம் மிக நன்றாக எஞ்சியிருக்கும் பழைய கூட்டணியைச் சொல்கிறோம். பாரசீகத்துக்கு எதிராகக் கிறிஸ்துவுக்கு முன் 478இல் ஏதென்ஸ் தலைமையில் கிரேக்கத் தீவுகளும் கரையோர நகரங்களும் சேர்ந்தன. திறைசேரி டெலோஸ் தீவில் அப்பலோ கோயிலில் இருந்தது. ஒவ்வொரு நகரத்தின் பங்கையும் ஏதென்ஸ் தலைவர் அரிஸ்டைடிஸ் நிர்ணயித்தார். முதல் வருட மொத்தம் 460 தாலந்து என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியிருக்கிறார். ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி. கப்பலும் ஆளும் தரலாம், அல்லது காசாகத் தரலாம்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. கடலுக்குப் போகச் சலித்த பல நகரங்கள் காசைத் தெரிவுசெய்தன. அந்தக் காசில் ஏதென்ஸ் தன் கப்பற்படையைக் கட்டியது. சில பத்தாண்டுகளில் சொந்தமாகக் கப்பல் வைத்திருந்தவை லெஸ்போஸ், கியோஸ், சாமோஸ் போன்ற ஒரு சிலதான். நக்ஸோஸ் தீவு விலகப் பார்த்தபோது முற்றுகையிட்டு அடக்கினார்கள். எதிர்க்க அதனிடம் போதிய படை இல்லை. கி.மு. 454இல் திறைசேரி ஏதென்ஸுக்கே கொண்டுபோகப்பட்டது. ஒவ்வொரு நகரம் கொடுத்ததிலும் அறுபதில் ஒரு பங்கை அதீனா தெய்வத்துக்குக் காணிக்கையாக ஒதுக்கி, அதைக் கல்லில் வெட்டினார்கள். அந்தக் கல்வெட்டில் இருக்கும் தொகையை 60ஆல் பெருக்கினால் அந்த நகரம் அந்த வருடம் கட்டியது வந்துவிடும். நூறு திராக்மா காணிக்கை என்றால் 6,000 திராக்மா, அதாவது சரியாக ஒரு தாலந்து. காசாகக் கொடுப்பவர் பலத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார் என்ற பயம் அன்றிலிருந்து கூட்டணிகளை விடவில்லை. ஐரோப்பிய நாடுகள் இன்று பொதுநிதியைப் பெருக்காமல் தங்கள் சொந்தப் படையிலேயே செலவழிக்க விரும்புவதில் அதன் சாயல் தெரிகிறது.

இலங்கை எந்தக் கூட்டணியிலாவது இருந்ததா? வெளிநாட்டுக்கு ஐக்கிய நாடுகள் பணிக்குப் போகும் இலங்கைச் சிப்பாய்க்கு யார் காசு கொடுக்கிறார்கள்?
– வாசகர், ஊர்காவற்றுறை

நேட்டோ போன்ற கூட்டணியில் இருந்ததில்லை. ஆனால் 1947 நவம்பரில் பிரித்தானியாவோடு ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி சுதந்திரத்துக்குப் பிறகும் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியாவின் கையில் இருந்தன. 1957இல் பண்டாரநாயக்க அரசு காலத்தில் இரண்டும் திரும்பக் கையளிக்கப்பட்டன. எங்கள் பலாலி ஓடுபாதையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டதுதான்.

ஐ.நா. அமைதிப் பணி கூட்டணி அல்ல, ஆனால் பங்கிடும் முறை மிகத் தெளிவானது, தெரிந்துவைத்திருக்க வேண்டியது. ஒரு சிப்பாய்க்கு மாதம் இவ்வளவு என்று எல்லா நாட்டுக்கும் ஒரே வீதம்: 2018 ஜூலை முதல் 1,428 டொலர், 2022 ஜூலை முதல் 1,448 டொலர். இந்தத் தொகை அரசுக்குப் போகிறது. சிப்பாயின் கையில் எவ்வளவு சேர வேண்டும் என்பதை அவருடைய அரசு தீர்மானிக்கும்.

வாகனம், மின்பிறப்பாக்கி போன்றவற்றுக்குத் தனிக் கணக்கு. உழவு இயந்திரத்தை வாடகைக்குக் கொடுப்பது போலவே இரண்டு வகை. பொருளைக் கொடுக்கும் நாடே உதிரிப்பாகமும் பழுதுபார்ப்பும் பார்த்துக்கொண்டால் அது ஈரக் குத்தகை, வீதம் கூட. பொருளை மட்டும் கொடுத்துப் பராமரிப்பை ஐ.நா.விடம் விட்டால் உலர் குத்தகை, வீதம் குறைவு. வந்திறங்கும்போது ஒரு பரிசோதனை, இடையிடையே தொடர்ச்சியாகப் பரிசோதனை, திரும்பும்போது ஒன்று. ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் வாகனம் இல்லையென்றாலோ பழுதாகி நின்றாலோ அந்தக் காலத்துக்குக் காசு வெட்டப்படும். முக்கியமான தளபாடம் நீண்ட நாள் ஓடாமல் கிடந்தால் ஆள் கணக்கில்கூட வெட்டு விழும். ஈரக் குத்தகை எடுத்துவிட்டு உதிரிப்பாகத்தைக் கையோடு கொண்டுபோகாத நாடுகள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. துறைமுகத்தில் தடைப்பட்டு வரும் ஒரு பாகத்துக்காக ஒரு வண்டி மாதக்கணக்கில் நிற்க, வண்டியும் ஓடாது, காசும் வராது.

இந்தக் காசை உறுப்பு நாடுகள் எல்லாம் வருமானத்துக்கு ஏற்பக் கட்டுகின்றன. பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பினர்களுக்குக் கூடுதல் சுமை, வறிய நாடுகளுக்குத் தள்ளுபடி. 2025 முதல் 2027 வரை அமெரிக்காவின் பங்கு 26 வீதமளவு, சீனாவினது 24 வீதமளவு. அமெரிக்கச் சட்டம் 25 வீதத்துக்கு மேல் கட்டத் தடைபோடுவதால் அந்த வித்தியாசம் வருடாவருடம் நிலுவையாகச் சேர்கிறது. நிலுவை சேர்ந்து பணப்பெட்டி வற்றும்போது ஐ.நா. முதலில் பிற்போடுவது ஆளும் வாகனமும் அனுப்பிய நாடுகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய காசைத்தான். அந்த வரிசையில் வங்காளதேசமும் நேபாளமும் நிற்கின்றன, இலங்கையும் நிற்கிறது.